கொசு அக்கா எச்சில் எடுக்கப் பழகிய கதை

கொசு அக்கா என்ற பெயரை அவளுக்கு யார் வைத்தது என்று இப்போது யாருக்கும் நினைவில்லை. ஒரே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் ஊசி பிடித்தவள். ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. "முடிஞ்சிருச்சா?" என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். "கொசு கடிச்சாக்கூட இதைவிட வலிக்கும்" என்று எவரோ சொல்லப்போய், பெயர் ஒட்டிக்கொண்டது. நிஜப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அந்தத் தெருவில் ஒருவருக்கும் வழி காட்டத் தெரியாது.

அவளுடைய கெட்டிக்காரத்தனம் ஊசியில் இல்லை, வாயில் இருந்தது. வருகிறவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன இப்படி மெலிஞ்சுட்டீங்க? பொண்ணு இப்ப எத்தனாவது படிக்கிறா?" என்று ஆரம்பிப்பாள். அவர்கள் பெண்ணின் கணக்கு வாத்தியாரைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்று குழாய் ரத்தம் நிரம்பியிருக்கும். ஆளைத் தொடு, பேச்சுக் கொடு, வேறு பக்கம் பார்க்க வை. இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நாற்பத்தேழு வயதுவரை நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஒரு நாள் பரிசோதனைக் கூடத்து முதலாளி அவளைக் கூப்பிட்டார். எச்சில் கையால் காக்கை ஓட்டாத மனிதர். அவர் தானாகவே நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னபோதே ஏதோ பெரிய வேலை வரப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நாலு கிடங்கு, ரெண்டு லாரிக் கம்பெனி, எல்லாம் நம்மகிட்ட வருது. வண்டி ஓட்டுறவங்க, மெஷின்ல வேலை பாக்குறவங்க போதை மருந்து ஏதாவது எடுக்குறாங்களான்னு சோதிக்கணும். ரத்தம் வேண்டாம், சிறுநீரும் வேண்டாம். எச்சில் போதும்."

"எச்சிலா?"

"எச்சில்தான். ஊசிகூட இல்ல. உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? போய்ப் பயிற்சி எடுத்துட்டு வாங்க."

"எவ்வளவு நாள் சார்?"

"மூணு நாள்."

துப்பச் சொல்லிக் குப்பியில் பிடிப்பதற்கு மூன்று நாள் பயிற்சி எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

பயிற்சி நடந்த இடம் ஒரு டயர்க் கடையின் மாடி. சன்னலைத் திறந்தால் ரப்பர் வாடை, மூடினால் புழுக்கம். நீள மேசை, எதிரெதிராக நாற்காலிகள், சுவரில் பெரிய கடிகாரம். மூலையில் ஒரு குளிர்சாதனப் பெட்டி இருந்தது. அதன் கதவில் 'உணவு வைக்காதீர்' என்று எழுதியிருந்தார்கள். உள்ளே பயிற்சிக்கு வந்த மற்றவர்களின் மதியச் சாப்பாடு இருந்தது. சொல்லிக்கொடுக்க வந்தவள், கொசு அக்காவுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதிருக்கும் பெண். தலையை இழுத்துக் கட்டி, சட்டைக் கைப் பொத்தானைக்கூட விடாமல் போட்டு, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"முதல்ல ஒண்ணு. இது எச்சில் இல்ல. வாய்த்திரவம். யாரையும் துப்பச் சொல்லக் கூடாது."

கொசு அக்கா பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் ஓய்வு பெற்ற டிக்கெட் பரிசோதகர். ரயிலில் இருபத்தெட்டு வருடம் நடந்த கால்கள் இப்போதும் நாற்காலிக்கு அடியில் சும்மா இருக்கவில்லை.

"துப்பாம எப்படித் துப்புக் கண்டுபிடிக்கிறது?" என்று அவர் மெல்லிய குரலில் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சிப் பெண் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்த விதிகளில் கொசு அக்காவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வருகிற ஆளின் அடையாள அட்டையை முதலில் பார்க்க வேண்டும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, இரண்டு கன்னத்துக்குள்ளும் ஏதாவது அடக்கி வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். விரலால் தொடக் கூடாது. பார்த்த நொடியிலிருந்து பத்து நிமிடம் அவர் உங்கள் கண்முன்னாலேயே இருக்க வேண்டும். சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. பிறகு சோதனைச் சாமான் அடைத்த உறைகள், அதாவது கிட்கள், இரண்டை நீட்டினால் அவரே ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். காலாவதித் தேதியை இருவரும் பார்க்க வேண்டும், உறையை அவர் எதிரிலேயே பிரிக்க வேண்டும். உள்ளே குச்சி முனையில் பஞ்சு வைத்த இரண்டு உருப்படி. அவரே எடுத்துக் கன்னத்துக்கு ஒன்றாக வைத்துக்கொள்வார். போதிய ஈரம் ஏறியதும் குச்சியில் இருக்கும் சின்னச் சன்னல் நீலமாகும். ஒன்றை ஒரு குழாயில், மற்றதை இன்னொரு குழாயில் அவரே போட வேண்டும். முதல் குழாய் சோதனைக்கு. சோதனை முடிவு தப்பு என்று அவர் சொன்னால் எடுத்துப் பார்ப்பதற்கு இரண்டாவது. இரண்டுக்கும் அவர் கண்முன்னாலேயே சீல், சீலில் அவர் கையெழுத்து, பிறகு படிவம்.

"அவ்வளவும் அவங்களே பண்ணினா நான் எதுக்கு மேடம்?" என்று கொசு அக்கா கேட்டாள்.

"பார்க்கிறதுக்கு."

"அப்போ ரிசல்ட் எனக்கு எப்பச் சொல்வாங்க?"

"சொல்ல மாட்டாங்க. அது உங்களுக்குச் சம்பந்தமில்லாதது."

இருபத்திரண்டு வருடம் அவள் எடுத்த ரத்தத்துக்கெல்லாம் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். தெருவில் பார்க்கும்போதே, "இனிப்பைக் குறைச்சீங்களா?" என்று கேட்பாள். இங்கே ஒருவருடைய வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அவரைப் பற்றி எதுவும் தெரியாமல் வீட்டுக்குப் போக வேண்டும். தான் நர்ஸா, காவல்காரியா, தபால்பெட்டியா என்று அவளுக்கு விளங்கவில்லை.

இரண்டாம் நாள் ஒத்திகை. தொடர்ந்து ஐந்து தடவை ஒரு பிழைகூட இல்லாமல் செய்து காட்டினால்தான் சான்றிதழ். நடுவில் ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து. டிக்கெட் பரிசோதகரும் அவளும் ஜோடி.

அவர் முதலில் செய்தார். ஐந்தும் ஒரே மூச்சில். அட்டையைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

பிறகு அவள் முறை. முதல் தடவையிலேயே, அவர் பஞ்சுக்குச்சியை எடுக்கத் தடுமாறுவதைப் பார்த்து, "இருங்கண்ணே" என்று தானே எடுத்து நீட்டிவிட்டாள். "தொட்டுட்டீங்க" என்றாள் பயிற்சிப் பெண். அடுத்த தடவை பேனாவைத் தேடி முதுகைத் திருப்பினாள். அந்த ஐந்து நொடியில் பரிசோதகர் மேசையிலிருந்த ரப்பர் துண்டை வாயில் போட்டுக்கொண்டு அப்பாவியாக உட்கார்ந்திருந்தார். மூன்றாவது தடவை எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. பத்து நிமிடக் காத்திருப்பில் ஏழாவது நிமிடம் பரிசோதகர் இருமினார். லேசாக அல்ல, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு. கொசு அக்காவின் கை தன்னாலே பைக்குள் போயிற்று. இருமல் மிட்டாயை உரித்து அவர் கையில் வைத்தாள்.

அறையே சிரித்தது. பயிற்சிப் பெண்கூட உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றிம்மா" என்று மிட்டாயைச் சப்பிக்கொண்டே சொன்னார் பரிசோதகர். "பொய் இருமல்தான். ஆனா மிட்டாய் நல்லா இருக்கு."

"ஒருத்தர் இருமுறார், சும்மா பார்த்துட்டு இருக்கணுமா?" என்று அவள் கேட்டாள். கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியாத ஒரு குரல்.

"தண்ணி குடுக்கலாம் மேடம். குடுத்தா பத்து நிமிஷம் மறுபடி ஆரம்பிக்கணும். குடுத்ததை எழுதணும். அவ்வளவுதான். இரக்கப்படக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா உங்க இரக்கத்தாலேயே அவரோட சோதனை செல்லாமப் போயிரும். நாளைக்கு ஒரு நிரபராதி தன்னை நிரூபிக்கணும்னா, இந்தச் சீலும் இந்தப் பத்து நிமிஷமும்தான் அவருக்குச் சாட்சி."

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோலவே இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது பயிற்சிப் பெண் காலாவதியான கிட்கள் ஆறை ஒரு பையில் போட்டுக் கொடுத்தாள். "வீட்டுல பழகுங்க."

வீட்டில் மூன்று பேர். கணவர் லிஃப்ட் மெக்கானிக். பிள்ளைகள் இல்லாத வீட்டில் பிள்ளை இடத்தில் இருந்தவன் கணவரின் தம்பி. அவள் கல்யாணமாகி வந்தபோது அவனுக்குப் பதினான்கு வயது, இப்போது முப்பத்தெட்டு. வாயில் விரல் வைத்தாலும் கடிக்கத் தெரியாதவன் என்று சொந்தத்தில் எல்லோரும் சொல்வார்கள். கல்யாணம் இரண்டு தடவை பேசி, இரண்டு தடவையும் நின்றுபோயிற்று. ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான்; முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புக் கைகளால் பாரத்தைத் தூக்கி மூன்றாள் உயரத்துக்கு அடுக்குகிற வண்டி. மாடியறையில் இருப்பு.

முதலில் கணவர் உட்கார்ந்தார். நாக்கைத் தூக்கச் சொன்னால் மருத்துவரிடம் காட்டுவதுபோல் "ஆஆ" என்று ராகம் இழுத்தார். கன்னத்துக்கு ஒன்றாகக் குச்சி வைத்துக்கொண்டு, பேச முடியாமல் கையாலேயே கிண்டல் செய்தார். மூன்றே நிமிடத்தில் இரண்டு சன்னலும் நீலமாயிற்று.

"நல்ல ஊத்துதான்" என்றாள் அவள்.

"பின்ன? இருபத்துநாலு வருஷமா நீ பேசுற பேச்சுக்குப் பதில் பேசாம அடக்கி வெச்சதாச்சே" என்றார்.

அப்போது கொழுந்தன் வேலையிலிருந்து வந்தான். கையில் தண்ணீர் பாட்டில். "நீயும் உக்காருடா, அண்ணிக்கு ஒரு உபகாரம்" என்று அண்ணன் இழுத்து உட்கார வைத்தார். அவன் உட்கார்ந்தான். அவள் அட்டை கேட்டாள், கொடுத்தான். வாயைத் திறந்தான். நாக்கு வெளுத்து, ஓரமெல்லாம் வெடித்திருந்தது. அவள் எதுவும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது அல்லவா? பத்து நிமிடம் காத்திருந்தாள். அவன் குச்சிகளை வைத்துக்கொண்டான்.

ஐந்து நிமிடம். பத்து. பதினைந்து. சன்னல் வெள்ளையாகவே இருந்தது.

"என்னடா, அண்ணிக்குக் குடுக்க எச்சில்கூட இல்லையா?" என்று அண்ணன் சிரித்தார்.

கொழுந்தன் குச்சிகளை உருவி மேசைமேல் வைத்தான். வைத்த விதம் எறிந்த மாதிரி இருந்தது. "வீட்டுலயுமா அண்ணி? நான் என்ன குற்றவாளியா?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டான்.

இருபத்து நான்கு வருடத்தில் அவன் அவளிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவள் காலாவதியான குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இவன் ஏதாவது..." என்று ஆரம்பித்த கணவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். அவர் விட்ட மீதி வார்த்தை அவள் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

பயிற்சியில் கொடுத்த தாளில் ஒரு வரி இருந்தது: சில போதைப் பொருட்கள் வாயை வறளச் செய்யும். அந்த வரி அவளை விடவில்லை. அவன் எந்நேரமும் தண்ணீர் பாட்டிலோடு அலைவது இப்போதுதான் கண்ணில் பட்டது. விடுமுறை நாளில் பகலெல்லாம் தூங்குகிறான். சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறான். மாடியறைக் கதவைத் தாழ் போடுகிறான். இதெல்லாம் எப்போது ஆரம்பித்தது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. தெருவில் போகிற வருகிறவர் சர்க்கரை அளவெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவளுக்கு, தன் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிறவனைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டால், சட்டை அளவைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவள் பயிற்சிப் பெண்ணிடம், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்டாள். "ஒருத்தருக்கு வாய் ஊறவே இல்லைன்னா என்ன பண்றது?"

"ஒரு மணி நேரம் அவகாசம் உண்டு. ஒரு டம்ளர் தண்ணி குடுக்கலாம். குடிச்சதிலிருந்து பத்து நிமிஷம் விட்டு மறுபடி முயற்சி. அப்பவும் வரலைன்னா, 'வரவில்லை'ன்னு எழுதணும். அதோட நிறுத்திக்கணும். ஏன் வரலைன்னு எழுதக் கூடாது, அவரைக் கேக்கவும் கூடாது."

"ஏன்னு தெரிய வேண்டாமா?"

"அதை டாக்டர் பாத்துக்குவார். ஆயிரம் காரணம் இருக்கும் மேடம். சர்க்கரை, பயம், வயசு, ஏதோ ஒரு மாத்திரை. நீங்களும் நானும் காரணம் கண்டுபிடிக்க ஆரம்பிச்சா, எல்லா வறண்ட வாயும் திருட்டு வாயாத்தான் தெரியும்."

அவளுக்குச் சுருக்கென்றது. போதை என்ற ஒரே காரணத்தை வைத்து அவள் மனசுக்குள் வழக்கே நடத்தி முடித்திருந்தாள். ஆனால் ஆயிரம் காரணம் என்றால் எந்தக் காரணம்? கேட்கலாமா, கூடாதா? கேட்டால் மறுபடி கத்துவானா? அந்தக் கேள்விகளோடே ஒத்திகைக்கு உட்கார்ந்தாள். ஆச்சரியம் என்னவென்றால், தலைக்குள் இவ்வளவு குழப்பம் இருந்த அன்றுதான் கை ஒழுங்காக வேலை செய்தது. பேச ஒன்றும் இல்லாததால் பேசவில்லை. ஆறுதல் சொல்லத் தெம்பு இல்லாததால் சொல்லவில்லை. ஐந்தும் பிழையில்லாமல் முடிந்தன. பரிசோதகர் கைதட்டினார். கையில் சான்றிதழை வாங்கியபோது, நன்றாகச் செய்ததற்கா மனசு மரத்துப்போனதற்கா இதைக் கொடுக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்து முதல் வேலை. முதலாளி பரிசோதகரையும் வேலைக்கு எடுத்திருந்தார். எந்த இடம் என்பதைக் காலையில் வண்டியில் ஏறிய பிறகுதான் சொல்வார்கள். முன்கூட்டித் தெரிந்தால் சோதனைக்கு அர்த்தமில்லை. வண்டி ஒரு பெரிய இரும்புக் கதவுக்கு முன்னால் நின்றது. கதவில் இருந்த மஞ்சள் சின்னத்தை அவள் உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அதே சின்னம் போட்ட சட்டையைத்தான் பதினோரு வருடமாக அவள் கொடியில் காயப்போடுகிறாள்.

அலுவலக அறையில் பட்டியல் கொடுத்தார்கள். கணினி குலுக்கி எடுத்த எட்டுப் பெயர். ஆறாவது பெயர் கொழுந்தனுடையது.

உறவுக்காரருக்குச் சோதனை எடுக்கக் கூடாது என்பது விதி. விதி தெரிந்ததாலேயே குழப்பம் தீர்ந்துவிடுமா? சொன்னால் பரிசோதகர் எடுப்பார். இருபத்தெட்டு வருடத்தில் ஒருவரையும் விட்டதில்லை என்று பெருமை பேசுகிற மனிதர். சொல்லாவிட்டால் தானே எடுக்கலாம், ஆனால் எடுத்து என்ன செய்வது? ஒரு தடவை கைப்பேசியை எடுத்து, வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போ என்று அவனுக்குச் செய்தி அனுப்பலாமா என்றுகூட நினைத்தாள். நினைத்ததும் காது சுட்டது. இரண்டு வாரம் முன்னால் வரை இந்த நினைப்பெல்லாம் அவளுக்கு எங்கே இருந்தது?

ஐந்தாவது ஆள் வெளியே போனதும், "அண்ணே, அடுத்தவர் என் கொழுந்தன்" என்றாள்.

பரிசோதகர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்கவில்லை. "அப்போ நீங்க வெளிய இருங்கம்மா. படிவத்துல 'உறவு'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்று பேனாவை நீட்டினார்.

கிடங்கின் பின்முற்றத்தில் மரச்சட்டங்கள் அடுக்கிக் கிடந்தன. அதன்மேல் உட்கார்ந்தாள். எதிர்ச்சுவரில் கடிகாரம் இல்லை. கைப்பேசியைப் பார்த்துப் பார்த்து, அரை மணியாயிற்று. ஏழாவது ஆளை யாரும் கூப்பிடவில்லை. ஒரு மணியாயிற்று. கடந்துபோன இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "உள்ள ஒருத்தன் எச்சில் வராம உக்காந்திருக்கானாம்." "பயமா இருக்கும்." "மடியில கனம் இருந்தாத்தானே பயம்?" அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். எழுந்து அவர்களிடம் ஆயிரம் காரணத்தையும் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவளுக்கே ஒன்றும் தெரியாதபோது எதைச் சொல்வது?

கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் கழித்துக் கொழுந்தன் வெளியே வந்தான். அவளைப் பார்த்ததும் நின்றான். திரும்பிப் போய்விடுவான் என்று நினைத்தாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"வரல அண்ணி. 'வரவில்லை'ன்னு எழுதிட்டார். கம்பெனி டாக்டரைப் பாக்கணுமாம். அதுவரைக்கும் வண்டி தொடக் கூடாது."

அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

"ஒன்பது மாசமா மாத்திரை சாப்பிடுறேன்" என்றான். "அதுலதான் வாய் காயுது. நாக்கு செருப்பு மாதிரி கிடக்கும்."

"என்ன மாத்திரை? சர்க்கரையா?"

"இல்ல. மனசுக்கு."

"மனசுக்குன்னா... நெஞ்சு வலியா? ஐயோ, அண்ணன்கிட்டச் சொன்னியா?"

"நெஞ்சு இல்ல அண்ணி. மனசு."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். போன வருடம் ஒரு நாள் காலை வண்டியில் ஏறிச் சாவியைத் திருகியிருக்கிறான். பெடலில் கால் வைக்க முடியவில்லை. நோவு இல்லை, காய்ச்சல் இல்லை; முடியவில்லை, அவ்வளவுதான். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, வண்டி பழுது என்று நினைத்து மேற்பார்வையாளர் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார். அதற்கப்புறம் எதுவும் ருசிக்கவில்லை, எதுவும் வேண்டியிருக்கவில்லை. தானே விசாரித்து, தனியாகவே மருத்துவரிடம் போயிருக்கிறான்.

"மாத்திரைக்கப்புறம் பரவாயில்ல. வண்டி ஓட்டலாம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார். கம்பெனியில காட்டத்தான் கூச்சமா இருந்துச்சு."

"வீட்டுல சொல்ல என்னடா கூச்சம்?"

அவன் மரச்சட்டத்தின் சிலும்பு ஒன்றை நகத்தால் பெயர்த்தான். "பக்கத்து வீட்டு வாத்தியார் மனநல டாக்டர்கிட்டப் போறார்னு தெரிஞ்சப்ப, 'மறை கழண்டுருச்சு'ன்னு சொல்லிச் சிரிச்சீங்களே."

"நானா?"

"நீங்கதான். அண்ணனும் சிரிச்சார். நானும்தான் சிரிச்சேன்."

அப்படிச் சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் சொல்லியிருப்பாள், அவள் சொல்லக்கூடிய பேச்சுதான் அது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தன் வாயால் இன்னொருவன் ஒன்பது மாதம் தாழ் போட்டுக்கொண்டு கிடந்ததற்கு என்ன பழமொழி இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"போதை எடுக்கிறேன்னு நினைச்சீங்களா அண்ணி?"

பொய் சொல்ல வரவில்லை. "நினைச்சேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நிஜமான சிரிப்புதான். "என்கிட்டயே கேட்டிருக்கலாமே."

"கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்கடா."

"அது வேலையில அண்ணி. வீட்டுலயுமா?"

உள்ளிருந்து பரிசோதகர் எட்டிப் பார்த்து, "ஏழாவது ஆளுக்கு வாங்கம்மா" என்றார். அவள் எழுந்தாள். அவன் கன்னத்தைத் தொட வேண்டும்போல் இருந்தது, வேலை செய்கிற இடம் என்று கையை இழுத்துக்கொண்டாள். இரண்டடி நடந்தவள் திரும்பி வந்து தொட்டுவிட்டே போனாள்.

அன்று வீட்டில் அவனே அண்ணனிடம் சொன்னான். லிஃப்ட் மெக்கானிக் நெடுநேரம் ஒரு திருகாணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அடுத்த தடவை டாக்டர்கிட்டப் போறப்ப நானும் வரட்டுமாடா?" என்று கேட்டார்.

"எதுக்குண்ணே?"

"சும்மா. வெளிய உக்காந்திருக்க."

கம்பெனி மருத்துவர் மருந்துச் சீட்டைப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், வாய் வறட்சிக்கு மாத்திரைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். அதோடு வேறு முறையில் ஒரு சோதனையும் எடுத்தார்கள். இதில் எதுவும் கொசு அக்காவுக்கு அலுவல்முறையில் தெரியாது. அவன் சொல்லித்தான் தெரியும். ஒன்பது நாள் பெட்டிகளை எண்ணும் வேலையில் உட்கார வைத்துவிட்டு, பத்தாம் நாள் வண்டிச் சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றிரண்டு பேர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஒருவர் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எந்த மருத்துவர் என்று தாழ்ந்த குரலில் விலாசம் கேட்டிருக்கிறார்.

பக்கத்து வீட்டு வாத்தியாரை அடுத்த வாரம் வாசலில் பார்த்தாள். மன்னிப்புக் கேட்டால், அவர் காதுக்கு எட்டாமல் பேசியதை எட்ட வைத்த மாதிரி ஆகும். கேட்காவிட்டாலும் உறுத்துகிறது. "சௌக்கியமா சார்?" என்றாள். "சௌக்கியம்மா" என்றார். இரண்டு பேரும் தேவைக்கு அதிகமாகச் சிரித்தார்கள். அதில் என்ன தீர்ந்தது என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை.

வாரத்தில் மூன்று நாள் ஊசி, இரண்டு நாள் பஞ்சுக்குச்சி என்று இப்போது அவளுடைய வேலை நடக்கிறது. கிடங்குகளிலும் லாரிக் கொட்டகைகளிலும் அந்தப் பத்து நிமிடம் அவள் வாயே திறப்பதில்லை. பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பினால் அடக்கி வைத்ததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறாள்.

கொழுந்தனிடம் மட்டும் எவ்வளவு கேட்பது, எங்கே நிறுத்துவது என்று பிடிபடவே இல்லை. முதல் வாரம் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று, "இன்னிக்கு எப்படிடா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எட்டாம் நாள் அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அண்ணி, வாரத்துக்கு ஒரு தடவை கேளுங்க. போதும்."

"எந்தக் கிழமை?"

அவன் யோசித்துவிட்டு, "புதன்" என்றான்.

புதன்கிழமைகளில் கேட்கிறாள். சில புதன் "நல்லா இருக்கேன்" என்கிறான். சில புதன் "தெரியல" என்கிறான். அப்போது அவளும், "சரி, தெரியலைன்னா தெரியல" என்று சொல்லிவிட்டு, எதிரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறாள்.